ஆராய்ச்சிக்கு நேரம் தருவது யார்? மாநிலப் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர் ஆய்வும்

1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தன் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியபோது, துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் முதலில் அணுகியது சர் சி.வி. இராமனை. இராமன் தாம் வர இசையாமல், தம் மாணவரும் அப்போது முப்பது வயதை ஒட்டியிருந்தவருமான ஜி.என். இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். அந்த வயதில் ஒருவரைத் துறைத் தலைவராக்குவது இன்றைய விதிகளின்படி நடக்காத காரியம். வந்தவர் கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வகத்தை அமைத்தார். பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மாதிரிகளைப் பெற்றார். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடம் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்ததை எண்ணிப் பார்த்தால் அது பெரும் செல்வமன்று. ஓர் ஆய்வகம், எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்வது என்பதில் முழு உரிமை, முனைவர் பட்டத்துக்கு வரும் நல்ல மாணவர்கள், கேட்டதைத் தாமதமின்றி முடித்துத் தரும் நிர்வாகம் ஆகியவையே அவருக்குக் கிடைத்தன. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் ஒரே துணைவேந்தர் இருந்ததும் இதில் சேரும். முதலியார் பதவியிலிருந்து விலகிய அடுத்த ஆண்டே இராமச்சந்திரனும் சென்னையை விட்டுச் சென்றார். பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

ஒரு பல்கலைக்கழகம் தன் ஆசிரியரின் ஆராய்ச்சியை எப்படித் தாங்குகிறது என்ற கேள்வியை ஆராய இந்த வரலாறு நல்ல தொடக்கம். ஏனெனில் இன்று இக்கேள்வியைக் கேட்டவுடன் பேச்சு மானியத்தை நோக்கிப் போய்விடுகிறது. எத்தனை கோடி வந்தது, எந்த நிறுவனம் கொடுத்தது, எத்தனை புராஜெக்ட் நடக்கிறது என்பவையே ஆண்டறிக்கையில் இடம்பெறுகின்றன. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பணமே அன்று. அது தில்லியிலிருந்து, போட்டியில் வென்ற ஓர் ஆசிரியரின் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட தலைப்புக்கு, மூன்றாண்டுக் காலத்துக்கு வருவது. நிதி நல்கும் நிறுவனம் ஆதரிப்பது அந்தத் தலைப்பைத்தான். ஆசிரியருக்கு நேரம், இடம், மின்சாரம், நூலகம், கணக்குப் பிரிவு, ஒரு மானியம் முடிந்து இன்னொன்று வரும் வரையிலான இடைக்காலச் சோறு ஆகியவற்றைத் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. தமிழகத்தின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதல் வகை ஆதரவு ஏறி இறங்கினாலும் ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது; இரண்டாம் வகை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த இரு வகைப் பணத்தையும் சில நாடுகள் வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கின்றன. பிரிட்டனில் ஆய்வு மன்றங்கள் ஒரு திட்டத்தின் முழுப் பொருளாதாரச் செலவைக் கணக்கிட்டு, அதில் பொதுவாக 80 சதவீதத்தைத் தருகின்றன. ஆசிரியர் அத்திட்டத்துக்குச் செலவிடும் நேரத்தின் ஊதியப் பங்கும், கட்டடத்தின் பங்கும் அந்தக் கணக்கில் சேரும். இதற்கு அப்பால், பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை மதிப்பிட்டு, எந்தத் திட்டத்துடனும் கட்டப்படாத ஒரு மொத்தத் தொகையும் அவற்றுக்கு வழங்கப்படுகிறது. அதைக் கொண்டு என்ன செய்வது என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். அமெரிக்காவில் கூட்டரசு மானியத்தோடு, கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்றவற்றுக்காக மறைமுகச் செலவு என்று ஒரு பங்கு தனியே வருகிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் இது நேரடிச் செலவில் பாதியையும் தாண்டும். 2025 பிப்ரவரியில், அங்கே மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) இதை 15 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்ததும், பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் சென்று அதற்குத் தடை பெற்றன. அவை ஏன் அவ்வளவு பதறின என்பது நம் ஊர் ஆய்வகங்களுக்குள் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். அந்தப் பங்கு இல்லையென்றால் மானியத்தில் வாங்கிய கருவி இருக்கும், அதை ஓட்ட ஆளிருக்காது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களின் ஆய்வுச் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்நிறுவனங்களின் சொந்தப் பணம்.

இந்தியாவில் இதே மறைமுகச் செலவுக்காக ஓவர்ஹெட் என்று மானியத்தோடு வரும் தொகை பெரும்பாலும் பத்து சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதுவும் பல்கலைக்கழகப் பொதுக் கணக்கில் சேர்ந்து, சம்பளத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ போய்விடுவது வழக்கம். ஓவர்ஹெட் தொகையில் ஒரு பகுதி துறைக்கும் ஆய்வாளருக்கும் திரும்ப வர வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்ட நிறுவனங்கள் உண்டு, ஐ.ஐ.டி.களில் இது இயல்பான நடைமுறை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதைக் கேட்கும் ஆசிரியர் நிதி அலுவலரின் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். நிதி அலுவலரைக் குறை சொல்லவும் முடியாது. அரசின் தொகுப்பு நல்கை சம்பளத்துக்கே போதாத நிலையில், தேர்வுக் கட்டணத்தையும் தொலைநிலைக் கல்வி வருவாயையும் நம்பி நடக்கும் நிறுவனம் அவருடையது. 2024 பிப்ரவரியில் வரி நிலுவைக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. 1857இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை என்றால், அதற்குப் பின் வந்தவற்றின் நிதிநிலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பணத்தைவிட அரிதாகிவிட்ட பொருள் நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், முழுநேர ஆசிரியரின் பணிச்சுமை வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வரையறுக்கின்றன. இதில் நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். ஆய்வு மாணவரை வழிநடத்த வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்கலாம் என்றும் விதி இருக்கிறது. காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடு. ஆனால் 16 மணி நேர வகுப்பு என்பது மூன்று அல்லது நான்கு வெவ்வேறு தாள்களாக இருக்கும்போது, அதற்கான ஆயத்தத்தையும் விடைத்தாளையும் சேர்த்தால் மீதி 24 மணி நேரத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும். எஞ்சியதை கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கான தன்மதிப்பீட்டு அறிக்கை, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கான புள்ளிவிவரம், உள்தர உறுதிப் பிரிவின் படிவங்கள் ஆகியவை பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரே புள்ளிவிவரத்தை மூன்று வெவ்வேறு வார்ப்புருவில் மூன்று முறை கேட்பது இதில் அன்றாட நிகழ்ச்சி.

விடுமுறையில் ஆய்வு செய்யலாமே என்பார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் இணைவுப் பல்கலைக்கழகமாகவும் இருப்பதால் விடுமுறை என்பதும் பெயரளவில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மற்றப் பல்கலைக்கழகங்களின் கீழ் கலை அறிவியல் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் வினாத்தாள் எடுப்பது, பருவத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டு முகாம் நடத்துவது, செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போவது, இணைவு ஆய்வுக் குழுவில் போய்க் கட்டடத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு வருவது என எல்லாவற்றுக்கும் ஆள் பல்கலைக்கழகத் துறைகளிலிருந்துதான் பெருமளவு போக வேண்டும். டிசம்பரும் மே மாதமும் இப்படியே போகும். ஆய்வு நிறுவனங்களின் அறிவியலாளரோடு ஒப்பிட்டு, ‘பல்கலைக்கழக ஆசிரியர் ஏன் இவ்வளவு குறைவாக வெளியிடுகிறார்’ என்று கேட்பவர்கள் இந்த நாட்காட்டியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நேரத்தைத் தருவதற்கான ஏற்பாடுகள் விதிப்புத்தகத்தில் இல்லாமல் இல்லை. மூன்றாண்டுப் பணிக்குப் பின் ஆசிரியர் படிப்பு விடுப்பு எடுக்கலாம். ஏழு ஆண்டுகள் இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ இருந்தவர் ஆய்வு ஓய்வாண்டு கேட்கலாம். ஒருமுறைக்கு ஓராண்டுக்கு மிகாமல், பணிக்காலம் முழுவதிலும் இரண்டாண்டுக்கு மிகாமல் அது கிடைக்கும். கருத்தரங்குக்கும் பிற கல்விப் பணிக்கும் ஆண்டுக்கு 30 நாள் வரை பணி விடுப்பு உண்டு. ஓய்வாண்டு விதியில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கலாம். ஆய்வில் மிகுந்த வேகம் இருக்கும் முப்பதுகளில் இருப்பவர் உதவிப் பேராசிரியர். அவருக்கு இது கிடையாது. தகுதி வரும்போது அவருக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும், துறைத் தலைவர் பொறுப்பும் கையில் இருக்கும். அப்போது விடுப்பில் போனால் அந்த வகுப்புகளை யார் எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மாற்று ஆள் இல்லை. எனவே விதியில் இருக்கும் விடுப்பைச் சக ஆசிரியரின் முகத்துக்காக யாரும் கேட்பதில்லை.

இந்தச் சிக்கலை நேராகப் புரிந்துகொண்டு வகுக்கப்பட்ட ஒரு திட்டம் முன்பு இருந்தது. மானியக் குழுவின் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டத்தில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் முழுச் சம்பளத்தோடு இரண்டு மூன்று ஆண்டுகள் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாம். அவர் இடத்தில் பாடம் நடத்த ஒரு மாற்று விரிவுரையாளரை நியமித்து, அவருடைய ஊதியத்தையும் மானியக் குழுவே ஏற்கும். கல்லூரிகளில் ‘எஃப்.ஐ.பி. சப்ஸ்டிடியூட்’ என்றால் அந்தத் தலைமுறையினர் எல்லாருக்கும் தெரியும். போனவருக்கு ஆய்வு, வந்தவருக்கு முதல் வேலை, மாணவருக்கு வகுப்பு நிற்காமல் நடக்கும் என ஒரே செலவில் மூன்றும் நடந்தன. தமிழகத்தின் இன்றைய மூத்த பேராசிரியர்களில் பலர் இப்படிப் போய் வந்தவர்களே. ஐந்தாண்டுத் திட்ட முறை 2017 மார்ச்சில் முடிவுக்கு வந்தபோது, கல்லூரி ஆசிரியர்களுக்கான சிறு ஆய்வுத் திட்டங்களோடு சேர்ந்து இதுவும் மறைந்தது. மாணவருக்கு ஆய்வு உதவித்தொகை தரும் திட்டங்கள் பல வந்தன. பணியில் இருக்கும் ஆசிரியருக்கு நேரம் வாங்கித் தந்த அந்தத் திட்டத்துக்கு ஈடாக ஒன்று வரவில்லை. என் கணிப்பில் கடந்த பத்தாண்டின் பெரிய இழப்பு இதுதான்.

மானியத்தின் பக்கம் வந்தால் மாற்றங்கள் வேகமாக நடக்கின்றன. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தை உள்வாங்கிக்கொண்டு, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்தது. 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்பது அதன் இலக்கு. அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில்துறை, கொடையாளர் போன்ற பிற வழிகளில் வர வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். இந்தியத் தனியார் துறை ஆய்வுக்குச் செலவிடுவதில் காட்டிவரும் தயக்கம் ஊரறிந்தது என்பதால், அந்த இரண்டாவது எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு இந்த அறக்கட்டளை மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மானியக் குழுவின் தொடக்க நல்கை 10 லட்சம் ரூபாய். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழியே முதலமைச்சர் ஆராய்ச்சி மானியத் திட்டமும் நடக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் போட்டியிட, விண்ணப்பத்தோடு முதற்கட்டத் தரவு வேண்டும். அந்தத் தரவைத் திரட்டச் சிறிது பணம் வேண்டும். சீட் மணி என்று சொல்லப்படும் தொடக்கத் தொகை இங்கேதான் வருகிறது. இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ, கேள்வி அதிகம் கேட்காமல் பல்கலைக்கழகமே தன் ஆசிரியருக்குத் தரும் பணம் இது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதன் பயனை முதலில் கண்டுகொண்டன. தரவரிசையில் அவை ஏறிய வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அவற்றில் சில இதோடு நிற்காமல், வெளியாகும் கட்டுரைக்கு இவ்வளவு ஊக்கத்தொகை என்று விலை வைத்தன. கட்டுரைக்கு விலை வைத்தால் கட்டுரை வரும். ஆராய்ச்சி வருமா என்பது வேறு கேள்வி. ஒரே முடிவை மூன்றாக நறுக்கி மூன்று இதழுக்கு அனுப்பும் கலை அப்படித்தான் வளர்ந்தது.

மானியம் வந்த பிறகு நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உயிரியல் துறையில் ஓர் ஆசிரியருக்கு மைனஸ் 80 டிகிரி டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் தொழில்நுட்ப விவரக்குறிப்பு எழுத வேண்டும். அது ஒரே நிறுவனத்துக்குப் பொருந்துவதாக இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும். எல்லாருக்கும் பொருந்துவதாக இருந்தால் மலிவான மட்டமான பெட்டி வந்து சேரும். பிறகு அரசின் இணையச் சந்தையில் தேட வேண்டும், அல்லது ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். விலை ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, கொள்முதல் குழுவைக் கூட்டி, உறுப்பினர்களின் கையொப்பம் வாங்கிக் கோப்பை அனுப்ப வேண்டும். கோப்பு பிரிவு எழுத்தரிடமிருந்து கண்காணிப்பாளர், துணைப் பதிவாளர், நிதி அலுவலர், பதிவாளர், துணைவேந்தர் என்று ஏறி, அதே படிகளில் இறங்கும். துணைவேந்தர் பதவி காலியாக இருந்து ஒருங்கிணைப்புக் குழு நிர்வகிக்கும் காலத்தில் (தமிழகத்தில் இது அரிதான நிலையன்று) குழு கூடும் நாள் வரை கோப்பு காத்திருக்கும். கடைசியில் ஃப்ரீசர் வந்து இறங்கும்போது, அதற்குத் தனி மின்னிணைப்பும் மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடும் இல்லை என்பது தெரியவரும். மாதிரிகள் கெடாமல் இருக்க ஜெனரேட்டர் வேண்டும். மானியத்தில் அதற்கு இடமில்லை. பல்கலைக்கழகப் பொறியாளர் பிரிவுக்கு இன்னொரு கோப்பு. மேலே சொன்ன ஓவர்ஹெட் தொகை இருக்க வேண்டிய இடம் இதுதான்.

இதற்கிடையில் மார்ச் 31 வந்துவிடும். அந்தத் தேதிவரை செலவானதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவின அறிக்கையும் தயாரித்து, நிதி அலுவலரின் கையொப்பத்தோடு அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். வளாகத்தில் யாரும் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று சொல்வதில்லை, யூ.சி. என்பார்கள். யூ.சி. தாமதமானால் தவணை தாமதமாகும். தவணை தாமதமானால் புராஜெக்ட்டில் இருக்கும் ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் நிற்கும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆறு மாதம் அது வராமல் இருக்கும்போது, விடுதிக் கட்டணத்துக்கு அந்த மாணவர் கை நீட்டுவது தன் வழிகாட்டியிடம்தான். இந்த இடைவெளியை நிரப்பச் சுழல்நிதி ஒன்றை வைத்துக்கொண்டு, முன்பணம் கொடுத்துவிட்டுத் தவணை வந்ததும் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள உதவி. அதற்குத் தேவைப்படுவது சில பத்து லட்சங்களும் கணக்குப் பிரிவில் ஆய்வுத் திட்டங்களை மட்டும் கவனிக்கும் இரண்டு பேரும்தான். புதிய கட்டடத்தைப் போல இதைத் திறந்துவைக்க நாடா வெட்ட முடியாது என்பதாலோ என்னவோ, இது பெரும்பாலும் நடப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் அடிகளும் உண்டு. அறிவியல் கருவிகளுக்கு ஐந்து சதவீதமாக இருந்த சலுகை சரக்கு சேவை வரி 2022 ஜூலையில் விலக்கப்பட்டு, 18 சதவீதமானது. பழைய விகிதத்தில் மதிப்பீடு போட்டு ஒப்புதல் பெற்றவர்கள் அந்த வித்தியாசத்தை எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல், வேதிப்பொருள் செலவில் கைவைத்தார்கள். பின்னர் ஆராய்ச்சி மானியத்தையே ஒரு சேவைக்கான கட்டணமாகக் கருதிப் பல உயர்கல்வி நிறுவனங்களுக்கு வரி அறிவிப்புகள் போயின. 2024 செப்டம்பரில் கூடிய சரக்கு சேவை வரிக் குழு அதற்கு விலக்களித்த பிறகே அது ஓய்ந்தது. நல்ல திசையிலும் நகர்வு இருக்கிறது. 2025 ஜூனில் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. விலைப்புள்ளி இன்றி நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகவும், கொள்முதல் குழு வழியே வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தன. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாநிலத்தின் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு உட்பட்டவை. தில்லியில் தளர்ந்த விதி இங்கே தணிக்கைத் தடையாகத் திரும்பி வராமல் இருக்க, மாநில அரசும் அதற்கேற்ற ஆணை பிறப்பிக்க வேண்டும்.

மானுடப் புலங்கள், மொழித் துறைகள் ஆகியவற்றின் தேவை வேறு. அங்கே கருவி வேண்டாம். நூலகமும் பயணச் செலவும் நீண்ட காலமும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இதற்கு நல்ல சான்று. ஒரு லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் 1913இல் தொடங்கிய பணி அது. எஸ். வையாபுரிப் பிள்ளை 1926இல் பதிப்பாசிரியரானார். ஆறு தொகுதிகள் 1936இல் நிறைவடைந்து, பின்னிணைப்புத் தொகுதி 1939இல் வந்தபோது, செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. காலமும் மதிப்பீடும் இப்படி மீறிய ஒரு திட்டத்தை இன்றைய எந்த நிதி நல்கும் நிறுவனமும் இடையிலேயே மூடியிருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை அன்று பல்கலைக்கழகத்துக்கு இருந்ததால்தான், லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதி இன்றும் நம் கையில் இருக்கிறது.

இன்றைய தமிழ்த் துறை ஆசிரியருக்கு நூலக வழியில் கிடைப்பது என்ன? 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 6,000 கோடி ரூபாய் செலவில், மூன்றாண்டுக்கு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு சார்ந்த 6,300 நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் ஆய்வாளர் கட்டுரை வெளியிடச் செலுத்தும் கட்டணத்துக்கும் ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டுரைக்கு 2,000 டாலருக்கு மேல் கேட்கும் இதழ்கள் இருக்கும் காலத்தில் இது சிறு உதவியன்று. மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி வேதியியல் ஆசிரியருக்கு இது பெரும் வரம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூலைத் தேடுபவருக்கு இதனால் பயன் குறைவு. அவர் போக வேண்டிய இடம் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் தனிமனிதராகச் சேர்த்த அந்தத் தொகுப்பை 1990களில் விலை கொடுத்து வாங்கி, சென்னையிலேயே நிலைக்கச் செய்தது சிகாகோ பல்கலைக்கழகம். தன் தமிழ் ஆய்வாளர்களுக்கு அது தேவை என்று சிகாகோவுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆதரவு சுருங்கிய அதே காலத்தில் அளவீடு பெருகியது. 2010ஆம் ஆண்டு விதிகள் ஆய்வுக்கும் வெளியீட்டுக்கும் புள்ளி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தன; பணி மேம்பாடு அந்தப் புள்ளிகளைப் பொறுத்தது. புள்ளி வேண்டியவர்களுக்காகவே இதழ்கள் முளைத்தன. எதை ஏற்பது என்று மானியக் குழு ஒரு பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. பிறகு ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. இந்தச் சுற்றில் ஆசிரியர்கள் செலவிட்ட உழைப்பைக் கொண்டு உருப்படியான ஆய்வுகள் எத்தனையோ நடந்திருக்கும். அறிக்கை கேட்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் துறைமுகக் கழக எழுத்தர் சீனிவாச இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அவர் தந்த மூன்று அறிக்கைகளில் முதலாவதில்தான், இன்று இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என்று வழங்குவது இருக்கிறது. அந்த அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் கணிதக்காரர்கள் பாடக் குழுவில் இருந்தார்கள் என்பதே இன்றைய புள்ளி அட்டவணைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு.

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் வேறொரு வழியைப் பின்பற்றின. அங்கே ஆய்வு முன்மொழிவு கொடுத்து அதை நிறைவேற்றும் ஆசிரியருக்கு அடிப்படை ஊதியத்தில் 35 சதவீதம் ஆராய்ச்சிப் படியாகக் கிடைக்கும் முறை வந்தது. இது ஆய்வை ஊக்குவித்ததைவிட ஊதியத்தை உயர்த்தியது என்று குறை கூறுவோர் உண்டு. ஆனால் ஆய்வு ஆசிரியரின் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

தமிழகத்தில் அந்தச் சம்பளமே கேள்விக்குறியாக இருப்பவர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது. காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாத துறைகளில் வகுப்புகளை எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். வருகைதரு ஆசிரியருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் சொல்லியும், தமிழக அரசுக் கல்லூரிகளில் அவர்கள் பெற்றுவந்தது 25,000 ரூபாய்தான். இவர்களில் முனைவர் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்றவர்கள் பலர். மேலே சொன்ன மானியங்களில் பெரும்பாலானவை நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு மட்டுமே என்பதால், இவர்கள் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்க முடியாது. படிப்பு விடுப்பும் ஓய்வாண்டும் இவர்களுக்குப் பொருந்தா. ஆய்வு மாணவரை வழிநடத்தும் உரிமையும் பொதுவாக இல்லை. இவர்கள் எழுதும் கட்டுரை மட்டும் கல்லூரியின் பெயரில் தரவரிசைக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. விண்ணப்பத் தகுதியில் ‘நிரந்தரப் பணி’ என்ற நிபந்தனையைத் தளர்த்தி, நிறுவனம் மூன்றாண்டுக்கு இடம் உறுதி செய்தால் போதும் என்று மாநிலத்தின் சொந்த மானியத் திட்டத்திலாவது மாற்றலாம். அதற்குத் தில்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை. உயர்கல்வித் துறையின் ஓர் அரசாணை போதும்.